கரையில் எட்டு மணித்தியாலம்

“பார்த்துவிட்டு வந்தோம்” என்பது நமது பேச்சில் மிக இலகுவாகப் புழங்கும் ஒரு தொடர். நுவரெலியாவைப் பார்த்துவிட்டு வந்தோம் என்கிறோம். ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்த்துவிட்டு வந்தோம் என்கிறோம். மையித்தைப் பார்த்துவிட்டு வந்தோம் என்றும் சொல்கிறோம். பின்னைய இரண்டு பார்வைகளுக்கும் ஒழுங்குகள் உண்டு. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போவதில்லை. அதிக நேரம் குந்தியிருந்து அவரைக் களைப்படையச் செய்வதுமில்லை. சுகம் விசாரிக்கிறார், துஆச் செய்கிறார், எழும்பி வருகிறார். நுவரெலியாவுக்குப் போகிறவருக்கு இப்படியான கடப்பாடு எதுவும் கிடையாது. குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை இருந்தால் போதும். அப்படியாயின், ஒரு நாட்டையும் அதன் மக்களையும் பார்க்கப் போகிறவரை இவ்விரு வகையில் எதில் சேர்ப்பது?

இக்கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் மெல்பேர்ணில் இருக்கும் மகன். நானும் மனைவியும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். உம்றாவுக்குப் போய் வந்ததைத் தவிர நாங்கள் இருவரும் சேர்ந்து கடல் கடந்ததில்லை. இந்தோனேசியாவுக்கு ஓர் உல்லாசக் கப்பலில் எங்களை அனுப்புவது என்று அவன் தீர்மானித்து, பயண நிரலையும் அனுப்பி வைத்தான். சிங்கப்பூரில் ஏற வேண்டும். இரண்டு நாள் வெறும் கடல். பிறகு ஜாவாவின் செமாராங், சுரபாயா, பாலியின் வடகரையில் செலுக்கான் பாவாங், கொமோடோ, லொம்பொக், இறுதியாகப் பாலியின் தென்கரையில் பெனோவா. திரும்பவும் சிங்கப்பூர். மொத்தம் 14 இரவுகள். ஒவ்வொரு துறையிலும் கப்பல் காலையில் கட்டப்பட்டு மாலையில் அவிழ்க்கப்படும். உணவு பற்றித்தான் நம்மவர்கள் முதலில் கேட்பார்கள். மீனும் மரக்கறியும் இருக்கையில் அது பெரிய பிரச்சினையல்ல.

நான் ஒரு பென்சிலை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். ஆறு துறைகள், துறைக்குச் சராசரி ஒன்பது மணித்தியாலம் என்று வைத்தாலும் 54 மணித்தியாலம். சபாங் முதல் மெரவுக்கே வரை ஐயாயிரம் கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் நாடு அது. மூன்று நேர வலயங்கள். 17,000 இற்கும் அதிகமான தீவுகள். 2010 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு 1,300 இற்கும் மேற்பட்ட இனக்குழுக்களைப் பதிவு செய்தது; மொழிகள் எழுநூற்றைத் தாண்டும். சுமார் 28 கோடி மக்கள். இதற்கு 54 மணித்தியாலம், அதிலும் பஸ்ஸில் கழியும் நேரம் வேறு. ஆயினும் நேரம் போதாது என்பதை நான் ஒரு குற்றச்சாட்டாக வைக்க விரும்பவில்லை. ஒரு ஆயுளும் அதற்குப் போதாது. இந்தோனேசியரில் எத்தனை பேர் தம் நாட்டின் பத்துத் தீவுகளைக் கண்டிருப்பார்கள்? என்னைத் தைத்தது அந்த நிரலில் இருந்த தெரிவு.

செமாராங்கில் இறங்கினால் பொரொபுதூர். எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளில் எழுந்த அந்தப் பௌத்தப் பெருங்கட்டடத்துக்குத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர். பல வேளைகளில் பொலிஸ் வாகனம் முன்னே சைரன் ஒலித்துச் செல்ல, பஸ்கள் வரிசையாகப் பின்தொடரும் என்கிறார்கள். வீதியிலுள்ள ஜாவாக்காரர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும்; அவர்களைப் பார்க்கத்தானே போகிறோம் என்று அந்த வேளையில் யாருக்கும் தோன்றாது போலும். பாலியில் கோயிலும் நடனமும். கொமோடோவில் பெரும் உடும்பு. இவை எவையும் சிறுமையானவை அல்ல. ஆனால் இவற்றுக்குள் ஓர் ஒற்றுமை இருக்கிறது. கல் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை. உடும்பும் கேட்பதில்லை. மேடையில் ஆடுகிறவர் ஆடி முடித்து உள்ளே போய்விடுகிறார். நம்மை நோக்கி ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கக்கூடிய ஒருவரை நேர அட்டவணையில் போட முடியாது. ஆகையால் அவர் அட்டவணையில் இல்லை.

அதே செமாராங்கிலிருந்து கிழக்கே, பொரொபுதூரைவிட மிகக் குறைந்த தூரத்தில், டெமாக் என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள பெரிய பள்ளிவாசல் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. குவிமாடம் கிடையாது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று கூரைகள். உள்ளே நான்கு பெருந்தூண்கள். அவற்றில் ஒன்றை, முழுமரம் கிடைக்காத அவசரத்தில், மரச் சிராய்களை ஒன்றுசேர்த்தே சூனான் காலிஜாகா உருவாக்கினார் என்பது ஐதீகம். முழுமரத் தூண்கள் மூன்றோடு சிராய்த் தூணும் சேர்ந்து ஒரே கூரையைத் தாங்குகிறது என்ற கதையை ஜாவா முஸ்லிம்கள் எதற்காக இவ்வளவு காலமும் சொல்லி வருகிறார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம். இன்னும் சற்று அப்பால் குதுஸ். பைத்துல் மக்திஸின் பெயரையே தன் பெயராக வைத்திருக்கும் ஊர். அதன் மினாரா செங்கல்லால் கட்டப்பட்டது. தூரத்திலிருந்து பார்ப்பவர் இந்துக் கோயில் என்றே நினைப்பார். அவ்வூர் முஸ்லிம்கள் மாடறுப்பதில்லை. மாட்டைப் புனிதமாகக் கருதிய அயலவர்களின் மனம் நோகக்கூடாது என்று சூனான் குதுஸ் சொன்னதாகக் கூறி, நானூறு வருடங்களுக்கு மேலாக எருமை இறைச்சியைச் சமைத்து வருகிறார்கள். மாடறுப்பு என்ற சொல்லை எடுத்தாலே நமது நாட்டில் என்ன சூடு கிளம்பும் என்பது வாசகர்களுக்குத் தெரியும். யாரும் சட்டம் போடாமல், யாரும் தோற்றுப்போகாமல், ஒரு ஊர் தானாகவே இப்படி ஒரு வழக்கத்தை வைத்திருப்பதைப் போய்ப் பார்க்க வேண்டாமா? அதன் இறைச்சிக் கடைக்காரரோடு பத்து நிமிடம் பேச வேண்டாமா?

டெமாக்குக்குப் போகும் வழியில் ஸாயுங் என்று ஒரு பிரதேசம். நிலம் தாழ்ந்து, கடல் ஏறி, கிராமங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. வீட்டுத் தரையை உயர்த்தி உயர்த்திக் கூரை தலையில் இடிக்கும் நிலையில் சனங்கள் வாழ்கிறார்கள். வீட்டுக்கு வீடு மரப்பலகைப் பாதையில் நடக்கிறார்கள். எங்கள் கப்பல் கட்டப்படுவதும் அதே கடலின் கரையில்தான். செலுக்கான் பாவாங் இருக்கும் புலெலெங் மாவட்டத்திலேயே பெகயாமான் என்ற முஸ்லிம் கிராமம் உண்டு. அங்கு பிள்ளைகளுக்கு முஸ்லிம் பெயரோடு, பாலி இந்துக்களைப் போலவே பிறந்த வரிசைப்படி வாயான், நெங்கா, ந்யோமான், கெதுத் என்ற பெயர்களையும் வைக்கிறார்கள். நிரலில் அதுவும் இல்லை.

முஸ்லிம் இடங்களைக் காட்டவில்லை என்ற முறைப்பாடாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். டெமாக்கை நிரலில் சேர்த்தால் அதையும் கல்லாக்கிவிடுவார்கள். முப்பது நிமிடம், ஒரு தொப்பி, ஒரு புகைப்படம்.

காலிக் கோட்டைக்குள் வளர்ந்தவன் என்ற வகையில் பார்க்கப்படுவதன் ருசி எனக்குத் தெரியும். 1988 இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமையாக அறிவிப்பதற்கு முன்பிருந்தே எங்கள் தெருவில் வெள்ளைக்காரர் வருவார்கள். உம்மா வாசல் நடையில் இருந்து சுளகில் அரிசி புடைக்கும்போது கமராவின் சத்தம் கேட்கும். உம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவா. அந்தப் படங்கள் இப்போது எந்த நாட்டில் எந்த அலுமாரிக்குள் கிடக்கின்றனவோ தெரியாது. அதில் என் உம்மா பெயரில்லாத ஒரு பெண். ஆனால் ஒரு நாள் வேறொரு வெள்ளைக்காரப் பெண் வந்தார். வெயிலில் களைத்துப்போய் எங்கள் வாசலில் நின்று, கையால் சைகை காட்டித் தண்ணீர் கேட்டார். உம்மா உள்ளே கூப்பிட்டு, கதிரையைத் துடைத்துப் போட்டு, முதலில் தண்ணீரும் பிறகு தேத்தண்ணியும் கொடுத்தா. அவர் அரை மணித்தியாலம் இருந்தார். இருவருக்கும் பொதுவான ஒரு சொல்கூட இல்லை. என் தங்கையை மடியில் வைத்திருந்தார். போன பிறகு பல நாள் உம்மா அந்தப் பெண்ணைப் பற்றியே பேசினா. பிள்ளை இல்லாத மனிசியாக இருக்க வேண்டும் என்பது உம்மாவின் முடிவு.

இரண்டு பேரும் வந்து போனவர்கள்தாம். இருவருமே எங்கள் தெருவில் கழித்த நேரம் சொற்பம். வித்தியாசம் எங்கே இருக்கிறது? இரண்டாமவர் எங்களிடம் கடன்பட்டார். ஒரு குவளைத் தண்ணீர் அளவு கடன். அந்தக் கடன் அவரைக் கதிரையில் உட்கார வைத்தது, எங்கள் முகத்தைப் பார்க்க வைத்தது, எங்களுக்கும் அவர் முகத்தைப் பார்க்கும் உரிமையைத் தந்தது.

பழைய பயணிகளை இந்தக் கண்ணோடு மறுபடி பார்த்தேன். இப்னு பதூதா 1344 இல் நமது நாட்டுக்கு வந்து, பாவாதமலை ஏறி, தெற்கே வந்தபோது காலியையும் கண்டார். சிறிய ஊர் என்கிறார். அங்கே கப்பல் தலைவர் இப்ராஹீம் என்ற முஸ்லிம் ஒருவர் தம் இடத்தில் எங்களுக்கு விருந்தளித்தார் என்கிறார். அவ்வளவுதான். ஆனால் பாருங்கள், காலியைப் பற்றி அவர் சொன்னது கோட்டையையோ கடலையோ அல்ல. (கோட்டை அப்போது இல்லவும் இல்லை.) தமக்குச் சோறு போட்ட மனிதரின் பெயரைத்தான் அவர் நினைவில் வைத்திருந்தார். பின்னர் சுமாத்திராவிலுள்ள சமுத்ரா அரசில் பதினைந்து நாள் தங்கினார். அங்கும் உடுக்க உடையும் உண்ண உணவும் அவருக்கு வழங்கப்பட்டன. சுல்தானைக் காண்பதற்கு முறைப்படி காத்திருக்கவும் நேர்ந்தது. காத்திருக்கும் விருந்தாளி வீட்டுக்காரரின் ஒழுங்கைக் கற்றுக்கொள்கிறார். அவர் காழியாக, அதிகாரத்தோடு இருந்த மாலைதீவில் நடந்தது வேறு. அங்கே பெண்களின் உடையைத் திருத்துவதில் இறங்கிவிட்டார்! கடன்பட்ட இடத்தில் பார்வை கனிகிறது, அதிகாரம் உள்ள இடத்தில் அதே கண் தீர்ப்பு எழுதுகிறது.

அல்பிரூனி இன்னொரு வகை. 1030 அளவில் இந்தியாவைப் பற்றி எழுதிய அவர் அதற்காகச் சமஸ்கிருதம் கற்றார், பண்டிதர்களிடம் மாணவனாக இருந்தார். நாம் அவரைப் பற்றிப் பெருமையோடு பேசுகிறோம், அது நியாயமும்கூட. ஆனால் அவருக்கு அந்நாட்டின் வாசலைத் திறந்தது கஸ்னி மஹ்மூதின் படை. மஹ்மூத் அந்நாட்டின் செழிப்பை நாசமாக்கினார் என்று அல்பிரூனியே எழுதியிருக்கிறார். மாணவராக இருந்தவர் வெற்றி பெற்ற தரப்பின் ஆளாகவும் இருந்தார். அவர் பட்ட கடன் ஒரு குவளைத் தண்ணீரல்ல. அதை ஒரு நூலால் தீர்க்க முயன்றார் என்றுதான் நான் அந்த நூலை வாசிக்கிறேன்.

கப்பலில் வந்து பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்ததோடு நின்றதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் நிரலுக்குக் கிழக்கே பண்டா தீவுகள். சாதிக்காய் விளையும் சின்னஞ்சிறு தீவுகள். ஒல்லாந்துக் கம்பனி 1621 இல் யான் பீற்றர்ஸூன் கூன் தலைமையில் அங்கே இறங்கி, ஊர்ப் பெரியவர்கள் நாற்பதுக்கும் மேற்பட்டோரை வெட்டி, சனங்களைக் கொன்றும் பட்டினி போட்டும் அடிமையாக ஏற்றியும் தீர்த்தது. 15,000 அளவில் இருந்ததாகக் கணிக்கப்படும் குடிகளில் ஆயிரம் பேர் அளவே எஞ்சினர். அதே கம்பனிதான் காலியின் மதில்களைக் கட்டியது. நான் பந்து விளையாடிய மதில்கள் அவை. இன்று சிறிய உல்லாசக் கப்பல்கள் பண்டாவுக்கும் போகின்றன. சாதிக்காய் மணக்கிறது என்று எழுதுகிறார்கள்.

இனி, உல்லாசக் கப்பலின் உள்ளே வருவோம். என் தங்கையின் மகன் அப்படியொரு கப்பலின் சலவைப் பகுதியில் நான்கு ஒப்பந்த காலம் வேலை செய்தவன். அறை ஒழுங்குபடுத்துவோர், சமையற்காரர், பரிமாறுவோர் என்று அந்தத் தொழிலில் பிலிப்பைன்ஸ்காரருக்கும் இந்தோனேசியருக்கும் பெரும் பங்கு உண்டு. ஒப்பந்தம் எட்டு, ஒன்பது மாதம். கப்பல் பதியப்பட்டிருப்பது பஹாமாஸிலோ பனாமாவிலோ. 2013 இல் நடைமுறைக்கு வந்த கடற்றொழிலாளர் சமவாயத்தின் உச்ச வரம்பே ஏழு நாளில் 72 மணித்தியால வேலையை அனுமதிக்கிறது. மருமகனோடு ஒரே அறையில் படுத்தவன் ஒரு சுரபாயாக்காரன். அவர்களுடைய கப்பல் ஒருமுறை சுரபாயாவில் கட்டப்பட்டது. பயணிகள் எல்லோரும் சுரபாயா பார்க்க இறங்கிப் போனார்கள். அவர்களது படுக்கை விரிப்புகள் கீழே வந்து குவிந்தன. மனைவி பிள்ளையோடு துறைமுக வாசலில் வந்து நிற்கிறாள் என்று அவனுக்குச் செய்தி. அவனுக்குக் கிடைத்தது ஒன்றரை மணித்தியாலம். ஓடிப் போய், பிள்ளையைத் தூக்கி, ஓடி வந்தான். அன்றிரவு சாப்பாட்டு மண்டபத்தில் பயணிகள் இந்தோனேசிய மக்களின் சிரித்த முகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களாம். இதைச் சொல்லும்போது மருமகன் கோபப்படவில்லை, அந்தச் சம்பளத்தில்தான் அவன் வீட்டுக்குக் கூரை போட்டான்.

ஆகவே கப்பலில் நாங்கள் கடன்பட மாட்டோம் என்பது உண்மையல்ல. நாளுக்கு இருமுறை படுக்கையைத் தட்டிப் போடுகிறவரிடம் கடன்படத்தான் போகிறோம். ஆனால் எல்லாம் முன்கூட்டியே கட்டப்பட்டுவிட்டதால், சேவைக்கட்டணமும் சேர்த்தே அறவிடப்பட்டுவிட்டதால், கடன் கண்ணுக்குத் தெரியாது. அந்த வியாபாரத்தின் கெட்டித்தனமே அதுதான். கரையில் ஒருவரிடமும் தண்ணீர் கேட்க வேண்டியதில்லை, போத்தல் கையில் இருக்கும். வழி கேட்க வேண்டியதில்லை, அட்டை பிடித்த ஒருவர் முன்னால் நடப்பார். பகல் சாப்பாட்டுக்குக் கப்பலுக்குத் திரும்பினாலும் திரும்பலாம்.

இவ்வளவையும் ஒருநாள் மனைவியிடம் சொன்னேன். அவர் இடையில் பேசாமல் கேட்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“ஒங்கட அல்பிரூனிக்கு சமச்சிப் போட்டது யாரு? அது கிதாபில ஈக்கா?”

நான் பதில் தேடுவதற்குள் மற்றதும் வந்தது. “இப்னு பதூதா போற போற எடமெல்லாம் கலியாணம் முடிச்ச மனுசன். காலீல அவருக்குச் சோறு போட்டது இப்ராஹீம் நகுதாவாம். நகுதாவா ஆக்கினது? அவர்ட பொண்டாட்டிட பேரு எங்க? கடன்படணும், கடன்படணும் எண்டு செல்லுறீங்க. கடன் குடுத்தே களச்சவங்களப் பத்தி யோசிச்சீங்களா? நாப்பத்திரெண்டு வருசமா ஒங்கட வீட்டுக்கு வாற கூட்டாளிமாருக்கெல்லாம் தேத்தண்ணி ஊத்தினவ நான். 14 நாளைக்கு அடுப்பு மூட்டாம, யாருக்கும் நன்றி செல்லாம, கடலப் பாத்துட்டு ஈக்கணும். எனக்கு முழங்காலும் ஏலா. தெனம் ஒரு ஊர்ல பெட்டி கட்டி அவுக்கவும் ஏலா. ஊடே மிதந்து வருகுது எண்டா எனத்துக்கு வேணாங்கிறீங்க?”

இதை நான் ஒரு பகிடியாகக் கடந்து போக முடியாது. விருந்தோம்பலின் மேன்மை பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விருந்துண்டவர்கள். என் உம்மா கொடுத்த தேத்தண்ணியை நான் அறமாகக் காண்கிறேன்; அன்று வீட்டில் சீனி எவ்வளவு இருந்தது என்பது உம்மாவுக்குத்தான் தெரியும். கடனின் மூலமே மனிதர் மனிதரை அறிகிறார் என்று சொல்லும்போது, அந்தக் கடனை அடுப்படியில் நின்று கொடுக்கிறவரின் உடம்பை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை என்பது வாதத்தில் ஒரு பெரிய ஓட்டை. காசு கொடுத்து, கணக்கைத் தீர்த்து, யாருக்கும் சுமையாக இல்லாமல் போவதிலும் ஒரு கண்ணியம் இருக்கிறது. கோட்டைக்குள் வாடகைக்கு அறை விடுகிற எங்கள் அயலவர் பலருக்கு அப்படிப்பட்ட பயணிதான் நல்ல பயணி. 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகும், 2020 இலும், 2022 இலும் தெரு வெறிச்சோடிக் கிடந்தபோது, கமராவோடு யாராவது வந்தால் போதும் என்று நாங்கள் எல்லோரும்தான் ஏங்கினோம். முந்தானையால் முகத்தை மூட அன்று யாருக்கும் மனம் வந்திருக்காது.

ஆனாலும் மனைவியின் வாதம் கப்பலுக்குள் வந்ததும் ஓரிடத்தில் தடுக்கி விழுகிறது. அவர் அடுப்பு மூட்டாமல் இருப்பதற்காக மூட்டப்போகிறவன் அந்தச் சுரபாயாக்காரன். இதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “கட்டில நானே விரிச்சிக்குவேன்” என்றார். விரித்தால் அவனுக்கு வேலை குறையுமா, வேலையே போகுமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

வேறு கப்பல் இல்லையா என்று தேடினேன். இருக்கிறது. 1952 இல் தொடங்கப்பட்ட பெல்னி என்ற அரச நிறுவனத்தின் கப்பல்கள் தீவுக்குத் தீவு சனங்களை ஏற்றிச் செல்கின்றன. ஆயிரம், இரண்டாயிரம் பேர். பெருநாளைக்கு ஊர் திரும்பும் தொழிலாளர், கோழிக்கூடு, அரிசி மூட்டை, பிள்ளைகள். உள்ளே தொழுகைக்கு இடம் உண்டு. அந்நாட்டைப் பார்க்க அதைவிட உகந்த இடம் வேறில்லை. அந்த நாடே பாய் விரித்துப் படுத்திருக்கும். இளவயதில் என்றால் யோசித்திருக்கவே மாட்டேன். 68 வயதில், முழங்கால் ஏலாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு, ஊருக்குப் போகிற ஒரு தாயின் இடத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு, “உண்மையான மக்களோடு பயணம் செய்தேன்” என்று ஒரு கட்டுரை எழுதுவது எந்த வகையில் உயர்ந்தது? ஏழ்மையையும் ஒரு பொரொபுதூராக்கிவிடலாம்.

இங்கே மக்காஸாரின் ஷெய்க் யூஸுப் நினைவுக்கு வருகிறார். பந்தன் சுல்தானோடு நின்று ஒல்லாந்தரை எதிர்த்ததற்காக அவரை 1684 இல் இலங்கைக்கு நாடு கடத்தினார்கள். அவரும் ஒரு கப்பலில்தான் வந்தார். எந்தத் துறையில் இறங்குவது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. பத்து வருடம் இங்கே இருந்தார், இங்கிருந்தே அரபியில் நூல்கள் எழுதினார். மக்காவிலிருந்து திரும்பும் ஜாவா ஹாஜிகளின் கப்பல்கள் இலங்கைத் துறைகளில் நிற்கும். அந்தச் சில நாட்களில் ஹாஜிகள் அவரைத் தேடி வருவார்கள். அவர் எழுதியவற்றை எடுத்துக்கொண்டு ஊர் போவார்கள். இந்தப் போக்குவரத்துக்குப் பயந்துதான் கம்பனி 1694 இல் அவரை நன்னம்பிக்கை முனைக்கு மாற்றியது. அந்த ஹாஜிகளும் கப்பல் நிற்கும் நேரத்துக்குள் இறங்கி ஏறியவர்களே. ஆனால் யாரைத் தேடிப் போகிறோம் என்று தெரிந்து இறங்கினார்கள்.

என்னோடு கற்பித்த மலாய் நண்பர் ஒருவர் கொம்பனித் தெருவில் இருக்கிறார். அவருடைய முன்னோரும் கம்பனிக் கப்பலில் வந்தவர்கள். படையாட்களாக என்பது குடும்பத்தில் வழங்கும் கதை. வீட்டில் இன்னும் மலாய் பேசுகிறார்கள், ஜாவாக்காரருக்கு அது பாதி விளங்கும், பாதி சிரிப்பு வரும் என்கிறார். அவர் அந்த மண்ணை ஒருநாளும் மிதித்ததில்லை. எங்கள் பயணத்தைச் சொன்னபோது, “எங்கள் ஆட்கள் ஒருவழி டிக்கட்டில் வந்தவர்கள், உங்களுக்குப் போய்வர டிக்கட்டா?” என்று சிரித்தார். பிறகு ஒரு கொப்பியில் முப்பது சொற்கள் எழுதித் தந்தார். தண்ணீர் என்பதற்கான சொல்லை முதலாவதாக எழுதச் சொன்னது நான்.

கொமோடோவைப் பற்றியும் ஒன்று. அந்தத் தீவிலே ஒரு கிராமம் இருக்கிறது, ஏறக்குறைய இரண்டாயிரம் பேர், முஸ்லிம்கள். ஓர் இளவரசிக்குப் பிறந்த இரட்டையரில் ஒன்று மனிதன், மற்றது ஓரா என்னும் அந்த உடும்பு என்பது அவர்களது பரம்பரைக் கதை. உடன்பிறப்பு என்பதால் கொல்லாமல் விட்டார்கள். அதனால்தான் உலகம் பார்க்க அது எஞ்சியது. 1980 இல் தேசிய பூங்கா வந்தது. வேட்டையும் காட்டு விளைவும் அவர்களுக்கு விலக்கப்பட்டன. 2019 இல் மாகாண ஆளுநர், உடும்புகளைப் பாதுகாக்கத் தீவை மூடி, கிராமத்தவரை வெளியேற்ற வேண்டும் என்றார். அவர்கள் எதிர்த்தார்கள், அவ்வருடமே திட்டம் கைவிடப்பட்டது. 2022 இல் நுழைவுக் கட்டணத்தை 37 இலட்சத்து 50 ஆயிரம் ரூபியாவாக உயர்த்தப் போக, லபுவான் பாஜோவில் சுற்றுலாத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து அதையும் நிறுத்தினார்கள். தம்பியைக் காப்பாற்ற அண்ணனை வீட்டைவிட்டு அனுப்பலாமா என்ற கேள்விக்கு, நடைபாதை முடிவில் மர உடும்பு செதுக்கி விற்கும் ஒருவரிடம் என்ன பதில் இருக்கும் என்று கேட்க ஆசை. நண்பர் தந்த முப்பது சொற்களில் அது முடியாது. மர உடும்பு ஒன்று வாங்கலாம், பேரம் பேசாமல்.

மகனுக்குச் சம்மதம் சொல்லியாயிற்று. பணம் கட்ட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. சுரபாயாவில் நாங்கள் சுற்றுலாப் பஸ்ஸில் ஏறுவதில்லை. சூனான் அம்பெல் பள்ளிவாசல் தெருவில் ளுஹர் தொழுதுவிட்டு, மருமகனின் பழைய அறைத்தோழன் வீட்டுக்குப் போகிறோம். அவன் இப்போது கடலை விட்டுவிட்டானாம், வரச்சொல்லி இருக்கிறான். அவனது மனைவிக்குச் சமையல் வேலை வைக்கக்கூடாது என்பது என் மனைவியின் நிபந்தனை. காலியிலிருந்து தொதல் கட்டிக்கொண்டு போகிறாராம், அவர்களிடமும் அது இருக்கிறது, பெயர் டொடொல் என்று நண்பர் சொன்ன பிறகும்.

செமாராங் விடயத்தில்தான் உடன்பாடு வரவில்லை. பொரொபுதூரின் மேல்தட்டுக்கு இப்போது நாளுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையானோரைத்தான் விடுகிறார்கள்; கல் தேயாமலிருக்க அவர்களே தரும் பாய்ச் செருப்பை அணிந்து, வழிகாட்டியோடு ஏற வேண்டும். ஏற முடியாவிட்டாலும் கீழே நின்றாவது பார்க்க வேண்டும் என்கிறார் மனைவி. எட்டாம் வகுப்புக்கு வரலாறு படிப்பித்தபோது புத்தகத்தில் தபால் முத்திரை அளவில் இருந்த படத்தை முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் காட்டியவராம். நான் டெமாக்குக்கும், நேரம் இருந்தால் குதுஸுக்கும் ஒரு வாடகைக் காரில் போவது என்றிருக்கிறேன். அவர் பஸ்ஸில் தெற்கே, நான் கிழக்கே. மாலை ஐந்தரைக்குள் இருவரும் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும்.